ஏலத்திற்கு வரும் சீமைப் பொருள்கள்: அறிய வேண்டியவை சில

முன்னுரை

இளங்கலை வணிகவியல் மாணவர்கள் வணிகச் சட்டத் தாளில் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தைப் பயில்கின்றனர். அதன் 64-ஆம் பிரிவு ஏல விற்பனையைப் பற்றியது. தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக அடிக்கடி வரும் பகுதி இது. இப்பிரிவைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருபவன் நான். ஆயினும் ஏலத்தில் வந்த ஒரு பொருள் எங்கள் வீட்டிலேயே எழுபது ஆண்டுகள் இருந்தும், அது இன்னதென்று அறியாமல் எடைக்குப் போட்டவனும் நானேதான். அந்தத் தவற்றிலிருந்து நான் கற்றவற்றை மாணவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். வெள்ளையர் காலத்து மரச்சாமான்கள், கடிகாரங்கள், வெள்ளிப் பாத்திரங்கள் ஆகிய மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஏலம் என்னும் சொல்

மேசை, அலமாரி, சாவி, சன்னல் ஆகிய சொற்கள் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை என்பதை நாம் அறிவோம். ஏலம் என்ற சொல்லும் அவ்வாறு வந்ததே. போர்த்துக்கீசிய மொழியில் ‘லெயிலாவ்’ என்பது தமிழில் ஏலம் ஆயிற்று. இந்தியில் நீலாம் ஆயிற்று. மேசையும் அலமாரியும் அவற்றை விற்கும் முறையும் ஒரே கப்பலில் வந்திறங்கியவை போலும்! அக்கப்பல்கள் வந்த கரை நமக்குத் தொலைவானதன்று. நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் போர்த்துக்கீசியருக்குப் பின் வந்த டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1825-இல் அவ்வூர் முடிவாக ஆங்கிலேயர் கைக்குச் சென்றது.

கம்பெனி ஆட்சிக் காலத்தில் சென்னையில் ஓர் ஐரோப்பியர் இறந்தாலோ, பதவி முடிந்து தாய்நாடு திரும்பினாலோ, அவருடைய வீட்டுப் பொருள்களைப் பொதுவில் கூவி விற்பது வழக்கமாயிருந்தது. கட்டிலும் நாற்காலியும் கப்பலில் ஏற்றிச் செல்லக் கட்டுப்படியாகாதவை அல்லவா? ஒருவர் விட்டுச் சென்றதை அடுத்து வந்தவர் ஏலத்தில் எடுத்தார். இவ்வாறு ஒரே மேசை நான்கைந்து துரைகளின் வீடுகளைப் பார்த்தது. 1947-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் பெருந்தொகையாக நாடு திரும்பியபோது, ஏலத்தில் எடுக்க இந்தியக் குடும்பங்களும் முன்வந்தன. சென்னையில் மர்ரே நிறுவனத்தின் ஏலங்களும், கல்கத்தாவில் 1940-இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்சின் ஏலங்களும் பெயர் பெற்றவை. இலண்டனில் சோத்பீஸ் 1744-இலும் கிறிஸ்டீஸ் 1766-இலும் தோன்றின.

சென்னையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த என் பாட்டனார் 1948-இல் அப்படிப்பட்ட ஓர் ஏலத்திற்குப் போய் மூன்று பொருள்களை எடுத்து வந்தார். நீண்ட கைகளையுடைய பிரம்பு நாற்காலி ஒன்று. தேநீர்க் கூஜா ஒன்று. மேசைமேல் வைக்கும் கடிகாரம் ஒன்று. கூஜாவைச் ‘சீமை வெள்ளி’ என்று பாட்டி பீரோவில் பூட்டி வைத்தார். கடிகாரம் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று, பரணுக்கு ஏறிற்று.

சட்டம் கூறுவது

64-ஆம் பிரிவின் சாரத்தை முதலில் காண்போம்.

1. ஏலத்தில் பொருள்கள் தொகுதி தொகுதியாக வைக்கப்பட்டால், ஒவ்வொரு தொகுதியும் தனி ஒப்பந்தமாகக் கருதப்படும்.

2. ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டியோ, வழக்கமான வேறு முறையிலோ முடிவை அறிவிக்கும்போதுதான் விற்பனை நிறைவுறும். அதுவரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம்.

3. விற்பவர் தாமும் கேட்கும் உரிமையை வெளிப்படையாக ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு அறிவிக்காமல் தாமே கேட்டாலும், ஆள் வைத்துக் கேட்டாலும், வாங்கியவர் அவ்விற்பனையை மோசடி என்று கொள்ளலாம்.

4. குறிப்பிட்ட விலைக்குக் கீழே கொடுப்பதில்லை என்னும் ஒதுக்கீட்டு விலையை அறிவிக்கலாம்.

5. விலையை ஏற்றுவதற்காகப் பொய்யாகக் கேட்க வைத்தால், வாங்கியவர் விரும்பினால் விற்பனையை முறித்துவிடலாம்.

இரண்டாவது விதி 1789-இல் பெய்ன் எதிர் கேவ் என்னும் ஆங்கில வழக்கில் நிலைபெற்றது. கேட்பது முனைவு, சுத்தியல் தட்டுவது ஏற்பு. ஏலம் நடக்கும் என்று செய்யும் விளம்பரம் முனைவே ஆகாது என்பதற்கு 1873-ஆம் ஆண்டின் ஹாரிஸ் எதிர் நிக்கர்சன் வழக்கு சான்று. அலுவலக மரச்சாமான்கள் ஏலத்திற்கு வருவதாக விளம்பரம் கண்டு இலண்டனிலிருந்து வெளியூர் சென்றார் ஒருவர். அவர் நாடிப்போன சாமான்கள் ஏலத்திற்கு வரவில்லை. செலவையும் நேரத்தையும் ஈடுகட்டக் கேட்டார்; கிடைக்கவில்லை. நம் பாடப் புத்தகத்தில் வறட்சியாகத் தோன்றும் இவ்வழக்கு ஒரு மேசை நாற்காலிக் கதையே என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஏலத்திற்கு வருவோர் சிலர் தமக்குள் பேசிக்கொண்டு ஒருவரை மட்டும் கேட்கவிட்டு, பிறகு இலாபத்தைப் பிரித்துக்கொள்வதுண்டு. இதைச் ‘சிண்டிகேட்’ என்பர். இந்த உடன்பாடு தன்னளவில் சட்டவிரோதம் ஆகாது என்பதே நம் நாட்டில் பொதுவாகக் கொள்ளப்படும் நிலை. வஞ்சகம் கலந்தால் வேறு. ஆகவே விற்பவர்க்கு ஒதுக்கீட்டு விலையே காவல். இரண்டாவது, தட்டிய விலையே கொடுக்கும் விலை அன்று. இலண்டன் ஏல நிறுவனங்கள் 1975 முதல் வாங்குபவரிடமும் தரகு பெறுகின்றன. வரியும் உண்டு. இவற்றைக் கூட்டிப் பார்த்த பின்னரே கையை உயர்த்த வேண்டும்.

வெள்ளியை அறிதல்

ஆங்கில வெள்ளியில் ஆயிரத்துக்கு 925 பங்கு தூய வெள்ளி இருக்க வேண்டும். இதனை ‘ஸ்டெர்லிங்’ என்பர். சோதனைச் சாலையில் தேறிய பொருளின் அடியிலோ கைப்பிடியருகிலோ சிறு முத்திரைகளை வரிசையாக அடிப்பர். நடந்து செல்லும் சிங்கம் தரத்தைக் குறிக்கும். சிறுத்தைத் தலை இலண்டனையும், நங்கூரம் பர்மிங்ஹாமையும், கிரீடம் 1974 வரையில் ஷெஃபீல்டையும் குறிக்கும். ஆண்டுதோறும் மாறும் ஓர் எழுத்து ஆண்டைக் காட்டும். செய்தவரின் பெயரெழுத்துகளும் இருக்கும். 1784 முதல் 1890 வரை வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலையும் சேர்ந்திருக்கும். ஆக, படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு கரண்டியின் பின்புறமே அதன் பிறப்புச் சான்றிதழ் ஆகும்.

வெள்ளி போலத் தோன்றுவன இரண்டு. செம்புத் தகட்டின்மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டவைத்துச் செய்த ஷெஃபீல்டு தகடு 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. மின்சாரத்தால் வெள்ளிப் பூச்சு ஏற்றும் முறைக்கு எல்கிங்டன் குடும்பத்தார் 1840-இல் காப்புரிமை பெற்றனர். இதற்குப் பின் ‘இ.பி.என்.எஸ்.’ என்னும் எழுத்துகளைக் கொண்ட பாத்திரங்கள் பெருகின. நிக்கல் வெள்ளிமேல் மின்பூச்சு என்பது அதன் பொருள். நிக்கல் வெள்ளி என்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. பெயரில் உள்ள வெள்ளி உலோகத்தில் இல்லை. இவ்வெழுத்துகளையும் கட்டம் கட்டமாக அடித்திருப்பதால் அறியாதவர் முத்திரை என்று மயங்குவர்.

எங்கள் பீரோவிலிருந்த கூஜாவைப் பிற்காலத்தில் திருப்பிப் பார்த்தபோது அந்த நான்கு எழுத்துகளே இருந்தன. எழுபது ஆண்டுகள் பூட்டிக் காத்தது பூச்சு வேலையை!

சென்னையில் செய்த வெள்ளிக்கு ஆங்கிலச் சோதனை முத்திரை இராது. செய்தவர் அல்லது விற்றவரின் பெயரே இருக்கும். 1849 முதல் வழங்கிவரும் பி.ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இதற்கு எடுத்துக்காட்டு. தேநீர்க் கூஜா, பால் குவளை போன்ற சீமை வடிவப் பாத்திரங்களில் நம் தெய்வ உருவங்களைப் புடைத்துச் செய்த ‘சுவாமி’ வேலைப்பாடு சென்னைக்கே உரியது. முத்திரை இல்லை என்பதால் இதை மட்டமென்று ஒதுக்குவதும் பிழையே.

கடிகாரத்தை அறிதல்

நம் வீடுகளில் ‘இங்கிலீஷ் கடிகாரம்’ என்று சொல்லப்படும் சுவர்க் கடிகாரங்களில் பல இங்கிலாந்தில் செய்தவை அல்ல. அன்சோனியா அமெரிக்காவிலும் யுங்ஹான்ஸ் ஜெர்மனியிலும் செய்யப்பட்டவை. முகப்பில் உள்ள பெயரும் பலவேளைகளில் விற்ற கடைக்காரரின் பெயராகவே இருக்கும். ஆகையால் முகத்தைப் பார்த்து முடிவு செய்யலாகாது. முதுகைத் திறந்து பார்க்க வேண்டும்.

பழைய ஆங்கில மேசைக் கடிகாரத்தின் உள்ளே கனமான இரு பித்தளைத் தகடுகள் இருக்கும். பின்தகட்டில் செய்தவர் பெயரையும் கொடி வேலையையும் செதுக்கியிருப்பர். தகடுகளுக்கிடையே பம்பரம் போன்ற கூம்பு ஒன்று காணப்படும். அதன் மேல் திருகு போலப் பள்ளம் ஓடும். அப்பள்ளத்தில் சைக்கிள் சங்கிலியை நூறு மடங்கு சிறிதாக்கியது போன்ற மெல்லிய சங்கிலி சுற்றியிருக்கும். இதனை ‘ஃபியூசி’ என்பர். முறுக்கிய வில்லுக்கு முதலில் விசை அதிகம். அவிழ அவிழக் குறையும். விசை மிகுந்த நேரத்தில் சங்கிலி கூம்பின் குறுகிய பக்கத்தை இழுக்கும். விசை குறையும்போது அகன்ற பக்கத்தை இழுக்கும். இதனால் சக்கரங்களுக்குக் கிட்டும் திருப்புவிசை ஒரே சீராக அமைகிறது. நெம்புகோல் தத்துவத்தின் அழகிய பயன் இது.

ஊசல் கடிகாரத்தை 1656-இல் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ் அமைத்தார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 99.4 செண்டிமீட்டர். இதனாலேயே நின்ற நிலைப் பெட்டிக் கடிகாரங்கள் ஆள் உயரம் இருக்கின்றன. எஃகுத் தண்டு பத்து டிகிரி வெப்பம் ஏறினால் இலட்சத்தில் பன்னிரண்டு பங்கு நீளும். கடிகாரம் நாளொன்றுக்கு ஐந்து விநாடி பிந்தும். சித்திரை மாதத்தில் தாத்தாவின் கடிகாரம் பிந்தியதற்குச் சோம்பல் காரணமன்று! சென்னை வானாய்வகத்தில் இருந்த ஜான் ஷெல்டன் செய்த கடிகாரம் பிற்காலத்தில் கொடைக்கானல் வானாய்வகத்தைச் சேர்ந்தது. சென்னை நேரமே ஒரு காலத்தில் இந்திய இரயில்களுக்கு நேரமாக இருந்தது என்பதை எண்ணும்போது, பழைய கடிகாரம் வெறும் அலங்காரப் பொருள் அன்று என்பது விளங்கும்.

மரச்சாமானை அறிதல்

ஆங்கில மரவேலைக்கு வழிகாட்டிகளாக மூவரைச் சொல்வர். சிப்பெண்டேல் 1754-இல் தம் வடிவப் புத்தகத்தை வெளியிட்டார். ஹெப்பிள்வைட், ஷெரட்டன் ஆகியோரின் புத்தகங்கள் அந்நூற்றாண்டின் இறுதியில் வந்தன. இப்புத்தகங்களின் படங்களைப் பார்த்து நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கிலும் ஈட்டியிலும் கருங்காலியிலும் செய்தனர். ஆதலின் ‘சிப்பெண்டேல் நாற்காலி’ என்றால் அவர் கையால் செய்தது என்று பொருளல்ல. நம் தச்சர் கைவேலை என்பதே அதற்குரிய பெருமை.

பட்டாள அதிகாரிகள் கொண்டு செல்வதற்காக மடக்கியும் பிரித்தும் கட்டக்கூடிய பெட்டி, மேசை, கட்டில்களும் உண்டு. மூலைகளில் பித்தளைப் பட்டையும் உள்ளடங்கிய கைப்பிடியும் இவற்றின் அடையாளம்.

பழமையைக் காண இழுப்பறையை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். புறா வால் வடிவ மூட்டுகள் கையால் அறுத்தவையானால் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடும். இயந்திரத்தில் அறுத்தவை அச்சடித்தாற்போல இருக்கும். பலகையின் பின்புறத்தில் வளைவான அறுப்புக் கோடுகள் இருந்தால் வட்ட வாளால் அறுத்தது. எனவே அது 19-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருப்பது அரிது. பழைய திருகாணிகளின் முனை மழுங்கியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் கை பட்ட மெருகும் கை படும் இடத்தில்தான் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே கருமை என்றால் அது சாயம்.

பழையது எல்லாம் விலை போகும் என்றும் எண்ண வேண்டா. மேலைநாடுகளில் விக்டோரியா காலத்துப் பெரிய மர அலமாரிகளின் விலை 2000-க்குப் பிறகு வெகுவாகச் சரிந்தது. சிறிய வீடுகளில் அவற்றுக்கு இடமில்லை.

காப்புச் சட்டங்கள்

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கலை அல்லது கைவினைப் பொருள் தொல்பொருள் என்னும் வரையறைக்குள் வரும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உரிமம் இன்றி அவ்வணிகம் செய்யவும் கூடாது. விசாகப்பட்டினத்தில் தந்தம் பதித்துச் செய்த பெட்டிகள் புகழ் பெற்றவை. ஆயினும் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இலும் 1991-இலும் செய்த திருத்தங்களால் தந்த வணிகம் தடை செய்யப்பட்டுள்ளது. வீட்டில் கிடந்தது என்பதற்காக விற்கப் புறப்பட்டால் வம்பில் முடியும்.

சட்டத்தின் வயது வரம்புக்குள் வராததால் கைவிட்டுப் போனவையும் உண்டு. சண்டிகர் நகரம் அமைந்தபோது பியர் ழான்னரே முதலியோர் வடிவமைத்த தேக்கு நாற்காலிகளை அரசு அலுவலகங்கள் பழசென்று கழித்து ஏலத்தில் விட்டன. அவை வெளிநாட்டு ஏலக் கூடங்களில் பெருந்தொகைக்குப் போயின. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கலாகாதென ஆணையிட்டது. விற்றவர்கள் ஏமாற்றப்படவில்லை; தம்மிடம் இருப்பது இன்னதென்று அறியாமல் விற்றார்கள். காந்தியடிகளின் கண்ணாடி, செருப்பு, பைக்கடியாரம் முதலியன 2009-இல் நியூயார்க்கில் ஏலத்திற்கு வந்தபோது நாடே கலங்கியதும் நினைவிருக்கலாம்.

என் தவறு

என் தந்தையார் மறைந்த பிறகு பழைய வீட்டைக் காலி செய்தோம். கும்மிடிப்பூண்டி சாலையில் பழைய இரும்பு வாங்கும் ஒருவர் வண்டியோடு வந்தார். நேர்மையான மனிதர், எங்கள் கண்முன்னே தராசில் நிறுத்தார். பரணிலிருந்த கடிகாரத்தின் பித்தளை நான்கு கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது. பெட்டியின் மரத்திற்கு விலையில்லை என்று விட்டுச் சென்றார். கூஜாவை மட்டும் நான் கொடுக்கவில்லை. ‘சீமை வெள்ளி’ அல்லவா!

இரண்டு மாதம் கழித்துச் சென்னையில் ஓர் ஏலக் கூடத்தில், முன்நாள் பார்வைக்கு வைத்த பொருள்களைக் காணச் சென்றேன். பாடம் நடத்துபவன் ஒருமுறையேனும் நேரில் பார்க்க வேண்டும் என்பதே எண்ணம். அங்கே ஒரு கடிகாரத்தின் பின்கதவு திறந்திருந்தது. செதுக்கிய பின்தகடு, கூம்பு, மெல்லிய சங்கிலி. சிறு வயதில் பரணில் ஏறி விளையாடியபோது நான் கண்ட அதே அமைப்பு. கால்கள் அங்கே நிற்கவில்லை.

மறுநாள் காலை அந்த வியாபாரியின் கிடங்குக்குப் போனேன்.

“பித்தளை அன்னிக்கே வார்க்கிறவங்களுக்குப் போயிடுச்சு சார். இரும்பு சில்லறையெல்லாம் உருக்காலைக்குப் போற லோடுல ஏத்திட்டோம்” என்றார். சற்று யோசித்துவிட்டு, “பம்பரம் மாதிரி ஒண்ணு இருந்துச்சே, அதையா கேக்கறீங்க? பையன் வெளையாட எடுத்துக்கிட்டான்” என்றார்.

பையன் கொண்டு வந்து கொடுத்தான். சங்கிலி இல்லை. அவனுக்கு ஒரு நல்ல பம்பரம் வாங்கிக் கொடுத்துவிட்டு அதை எடுத்து வந்தேன். இன்றும் என் மேசைமேல் இருக்கிறது.

அக்கடிகாரம் என்ன விலை போயிருக்கும் என்பது என் வருத்தமன்று. பின்தகட்டில் ஒரு பெயர் செதுக்கியிருந்தது. அதை நான் பலமுறை விரலால் தடவியிருக்கிறேன். ஒருமுறைகூட எழுதி வைக்கவில்லை. யார் செய்தார், எந்த ஊரில் செய்தார், எவர் வீட்டில் இருந்தது என்று இனி எவரும் சொல்ல முடியாது. கூடத்தில் அமர்ந்து பார்ப்பதற்கு என் தந்தை விரும்பிய ஒரே பொருளின் பெயர் அவ்வாறு உருகிப் போயிற்று.

முடிவுரை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் பல உள்ளன. நம் மாணவர் சிலரின் பெற்றோர் அவ்வாலைகளிலும் கிடங்குகளிலும் உழைக்கின்றனர். பழையதை உருக்கிப் புதியதாக்குவது நல்ல தொழில். அதில் குறை கூற ஒன்றுமில்லை. உருக்குவதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மாணவர்கள் தங்கள் வீட்டில் செய்யக் கூடியவை சில உண்டு. பழைய பொருளைத் துலக்குவதற்கு முன் அதன் அடியையும் முதுகையும் பாருங்கள்; அழுத்தித் துலக்கினால் முத்திரை தேய்ந்து போகும். காணும் எழுத்தையும் குறியையும் அப்படியே படியெடுத்து வையுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். விற்பதானால் இருவரிடம் காட்டிய பின்னர் விற்பனைக்கு விடுங்கள். ஏலமானால் ஒதுக்கீட்டு விலையை எழுத்தில் கேளுங்கள்.

64-ஆம் பிரிவின்படி சுத்தியல் தட்டும் வரை நம் சொல்லைத் திரும்பப் பெறலாம். தராசுத் தட்டில் ஏற்றிய பொருளுக்கும் ஒருகணம் அவகாசம் உண்டு. அந்தக் கணத்தை நான் பயன்படுத்தவில்லை. நீங்கள் பயன்படுத்துவீர்களாக.